கோபுரத்தைச் சுற்றிய இரண்டு விமானங்கள்

ஆகாயம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது இரண்டு விமானங்கள் எப்படிப் போய் மோதிக்கொள்ளும் என்று என்னைக் கேட்காத உறவினர் கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். பாயசம் ஆறுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆகாயம் பெரிதுதான், ஆனால் அதில் போகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள் என்பேன். கடற்கரையும்தான் பெரிது. கூட்டம் என்னவோ சுண்டல்காரனைச் சுற்றித்தான் நிற்கிறது.

இந்தப் பதிலை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று தெரிந்துகொண்டேன்.

யுத்தம் முடிந்த பிறகு, நாற்பதுகளின் கடைசி வருஷங்களில், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் எனக்கு உத்தியோகம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உதவியாளன். கோபுரம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படி ஏறிப் போனால் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை, அவ்வளவுதான். மாம்பலம் வரை சைக்கிள், அங்கிருந்து மின்சார ரயில். பெரிய விமானங்களோடு ரேடியோவில் பேசுவார்கள். பக்கத்திலேயே இருந்த ஃபிளையிங் கிளப்பின் சின்ன விமானங்களில் ரேடியோ கிடையாது. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, மேலே கூரையில்லாத இருக்கை. அதில் உட்கார்ந்திருப்பவனோடு எனக்கு இருந்த ஒரே பேச்சு விளக்குப் பேச்சு. பச்சை காட்டினால் இறங்கு. சிவப்பு காட்டினால் இறங்காதே, சுற்றிக்கொண்டிரு. என் வாழ்க்கையில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

மற்றதெல்லாம் விதி. விதிகள் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழி விடு. நேருக்கு நேர் வந்துவிட்டால் இரண்டு பேரும் அவரவர் வலது பக்கம் திரும்பு. இறங்க வருகிற இருவரில் தாழ இருப்பவன் முதலில். நிலையத்தைச் சுற்றும்போது எப்போதும் இடது பக்கமாகவே திரும்பு, ஓடுபாதை உன் இடது கைப் பக்கம் இருக்கட்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில், எந்தப் பலகையிலும் எழுதாத ஒன்று உண்டு. தலையைத் தூக்கி நாலாபுறமும் பார். ரேடியோ இல்லாத விமானத்துக்குக் கண்ணைத் தவிர வேறு காவல் இல்லை.

என் தம்பி அந்தக் கிளப்பில்தான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். சர்க்கார் உதவியோடு பொறுக்கி எடுத்து நடத்திய பயிற்சி. அவனை எதற்காகப் பொறுக்கினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டில் அவன் கைபட்டுக் கவிழாத மைக்கூடு கிடையாது. ஆனால் ஆகாயத்தில் அவன் கை நிதானமான கை என்று இன்ஸ்ட்ரக்டரே சொன்னார். அப்பா காலமாகிவிட்டிருந்தார். என் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். வடக்கு மாட வீதி வீட்டில் அம்மா, நான், தம்பி, புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த அவன் மனைவி.

தனியாக ஓட்ட அனுமதி கிடைத்த ஒவ்வொரு பையனுக்கும் முதல் ஆசை ஒன்றே. தன் வீட்டை மேலிருந்து பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டிலிருப்பவர்கள் தன்னைப் பார்க்க வேண்டும். ஊருக்கு மேலே தாழப் பறக்கக் கூடாது என்று கிளப்பில் சொல்லித்தான் அனுப்புவார்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு தியாகராய நகர்க்காரன் அவன் தெரு பார்க்கைச் சுற்றுவான், அடையாறுக்காரன் ஆற்று முகத்துவாரத்தைச் சுற்றுவான். மயிலாப்பூர்க்காரனுக்குக் கேட்கவே வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிகிற கோயில் கோபுரமும் குளமும் இருக்கின்றன.

தம்பியும் முதல் வாய்ப்பிலேயே கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான். தெருவே மாடியில் நின்று கையாட்டியது. அன்று மாலை அவன் வெற்றிவீரனாக வீடு திரும்பியபோது அம்மாவின் முகம் சரியாக இல்லை.

"நன்னாத்தான் சுத்தினே. ஆனா இடமா சுத்தினே. ஸ்வாமியை யாராவது அப்பிரதட்சிணமா சுத்துவாளா?"

விஷயம் இதுதான். கோயிலை வலம் வருகிறவனுக்குக் கோயில் எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். தம்பியின் கையோ மீனம்பாக்கத்தில் இடது பக்கமாகவே திரும்பிப் பழகிய கை. அதே பழக்கத்தில் இங்கேயும் இடது பக்கம் சாய்ந்து, ஸ்வாமியை இடது பக்கம் வைத்துச் சுற்றியிருந்தான். சாவுக்குத்தான் அப்படிச் சுற்றுவார்கள் என்பது அம்மாவின் கவலை. நான் இடச் சுற்று விதியை அதன் காரணங்களோடு விளக்கினேன்.

"அது உங்க மீனம்பாக்கத்துக்கு. இது மயிலாப்பூர்," என்றாள் அம்மா.

நான் தம்பியின் பக்கம் திரும்பி, வலமோ இடமோ, இனி ஊருக்கு மேலே தாழப் பறந்தால் நானே கிளப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றேன். நான் சொன்னால் செய்வேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அம்மாவும் தம்பியும் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் வேலைக்குப் போயிருக்கும் நாட்களில் அப்பா இருந்தபோது அம்மா கட்டிய சிவப்பு ஒன்பது கஜப் புடவை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் விரிக்கப்படும். மேலே வரும் தம்பிக்கு அதற்கு அர்த்தம், அண்ணா ஆத்தில் இல்லை, சுற்றலாம். புடவை இல்லாவிட்டால் அண்ணா இருக்கிறான், ஓடிப் போய்விடு. தொழில் ரீதியாகப் பார்த்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. தூரத்திலிருந்து தெரியும், ஒரே ஒரு அர்த்தம், குழப்பத்துக்கு வழியில்லை. என் சொந்த வீட்டில் எனக்கெதிராகவே இவ்வளவு ஒழுங்கான சிக்னல் முறை இயங்கியிருக்கிறது.

மாசி மாதம் ஒரு நாள் எனக்கு மதியப் பணி. கூட வேலை செய்கிறவர் ஒருவர் முறையை மாற்றிக்கொள்ளச் சொன்னதால் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டேன். எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் யாருமில்லை. தலைக்கு மேலே விமானச் சத்தம். மாடிக்கு ஏறினேன்.

அம்மா கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றாள். விமானம் நகர நகர அவளும் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி கைப்பிடிச் சுவரோரம் நின்று, காற்றில் பறந்துவிடாமல் சிவப்புப் புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே தம்பி, வலது பக்கம் சாய்ந்து, கோபுரத்தைச் சாஸ்திரப்படி வலது கைப் பக்கம் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு," என்றாள் அம்மா, வானத்தைப் பார்த்தே.

நான் தொண்டையைக் கனைத்தேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

"மூணு சுத்து. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. நீ கீழே போய் இலையைப் போட்டுக்கோ, வந்துடறேன்."

கிளப்புக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வாக்கியம் என் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்தபோது இன்னொரு எஞ்சின் சத்தம் கேட்டது.

சாந்தோம் பக்கத்திலிருந்து, கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு, கிளப்பின் இரண்டாவது விமானம் வந்தது. தம்பி பறந்த அதே உயரம். கோபுரத்தை நெருங்கியதும் அது இடது பக்கம் சாய்ந்து, கற்றுக்கொடுத்தபடி, கோபுரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. ஒரே கோபுரம், ஒரே வட்டம். ஒன்று வலமாக, ஒன்று இடமாக.

ஒருவரை ஒருவர் பார்த்து விலக மாட்டார்களா என்று தோன்றும். அந்த இரட்டை இறக்கை விமானத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கத்து இறக்கை தாழும். மேல் இறக்கை திரைச்சீலை போல இறங்கி, நாம் எங்கே போகப் போகிறோமோ அந்த இடத்தையே மறைத்துவிடும். திரும்புவதற்கு முன் நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பு என்று அதனால்தான் அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே இரண்டு பேரும் திரும்பிக்கொண்டேயிருந்தார்கள். ஒருவன் திரைக்குப் பின்னால் மற்றவன். போதாததற்கு இருவரும் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் புடவையை, மற்றவன் கோபுரத்தை.

தெருவில் எல்லா மாடிகளிலும் ஜனம். ஒன்றுக்கு இரண்டாக வந்ததில் எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், கைதட்டிக் குதித்தன. நடக்கப் போவது என்ன என்று அந்தத் தெருவில் தெரிந்தவன் நான் ஒருவன். என் சிவப்பு விளக்கு மீனம்பாக்கத்தில் இருந்தது. கத்தினால் எதிர்வீடு வரைக்கும் கேட்கும். அதற்கு மேல் கேட்காது. தம்பிக்குத் தெரிகிற மாதிரி அங்கே இருந்த சிக்னல் ஒன்றே ஒன்று.

"புடவையை எடு," என்றேன்.

தம்பி மனைவியிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். மைத்துனர் எதிரே நின்று பேசுவது அப்போதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கமில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்பேன்.

"எடுக்காதேடி," என்றாள் அம்மா. "ரெண்டுல நிறுத்தப்படாது. மூணாவது முடியட்டும்."

அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் புடவையைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்து மார்போடு சுருட்டிக்கொண்டாள். அம்மா என்னவோ சொன்னாள், எனக்குக் காதில் விழவில்லை.

அதற்கடுத்த கணத்தில் மேலே நடந்ததைத் தம்பி பிற்பாடு சொன்னான். கிழக்குப் பக்கமிருந்து வளைந்து வந்தவன் வழக்கம்போல வீட்டைத் தேடினான். சிவப்பைக் காணோம். "அண்ணா வந்துட்டான்" என்ற நினைப்பு ஒன்றுதான் ஓடியதாம். சுற்றை அப்படியே விட்டுவிட்டு மீனம்பாக்கம் பக்கம் ஓடிவிடலாம் என்று சாய்ந்திருந்த விமானத்தை நிமிர்த்தினான். இறக்கை நிமிர்ந்தது, திரை விலகியது. நேரே எதிரே இன்னொரு விமானத்தின் மூக்கு.

இரண்டு பேரும் வலது பக்கம் திரும்பினார்கள்.

தம்பி கோபுரப் பக்கம் ஒடித்தான். மற்றவன் இடச் சுற்றிலிருந்து ஒரே புரட்டாகப் புரட்டி வெளிப்பக்கமாகப் போனான். எங்கள் மாடியிலிருந்து பார்த்தபோது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக, பல இறக்கைகளுள்ள ஒரே விமானம் போலத் தெரிந்தன. நான் கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்று தோன்றியது, இமைகள் கேட்கவில்லை. பிறகு இரண்டு விமானங்களாயின. ஒன்று தெற்கே போயிற்று, ஒன்று கடலைப் பார்த்துப் போயிற்று. எதிர்வீட்டுக் குழந்தைகள் அதை வித்தை என்று நினைத்து இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கத்தின.

நான் சுடுகிற தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தம்பி மனைவி புடவையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அம்மா வானத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் இத்தனை நேரமும் தன் பிள்ளையின் விமானத்தை மட்டும் பார்த்துச் சுற்றை எண்ணிக்கொண்டிருந்தவள்.

"ரெண்டு இருந்துதா?" என்றாள்.

"இருந்தது."

பிறகு, "அந்த இன்னொண்ணுல யாராத்துப் பிள்ளை?" என்று கேட்டாள்.

அது யார் என்பது அன்று மாலையே வீடு தேடி வந்தது. கச்சேரி ரோட்டில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பையன், தம்பியோடு கூடப் பயிற்சி பெறுகிறவன். கோபுரத்தை வைத்துச் சுற்றிப் பழகினால் கை திருந்தும் என்று அவனுக்கு யோசனை சொன்னதே என் தம்பிதான். சைக்கிளில் தம்பியைப் பின்னால் உட்கார்த்தி மிதித்துக்கொண்டு வந்தான். இரண்டு பேர் முகத்திலும் அசட்டுச் சிரிப்பு. அந்தக் காலத்து எங்கள் வீட்டு வழக்கப்படி அவன் வாசலோடு நிற்க வேண்டியவன். அம்மா கூடத்துக்கு வரச் சொல்லி, இரண்டு பேருக்கும் காபியைத் தானே கொண்டுவந்து வைத்தாள்.

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, நா பாட்டுக்கு லெஃப்ட்ல போய்க்கினு இருக்கேன். எதுக்க வர்றான் ஒங்க தம்பி. இன்னா நைனா ஒன் ரூட்டுன்னு கேக்கக்கூட டைம் இல்ல."

"கோயிலை இடமா சுத்தினது நீ," என்றான் தம்பி.

"ஆமா, நீ சுத்தச் சொன்ன கோபுரம்தானே."

அம்மா சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். கோயிலை அப்படிச் சுற்றக் கூடாது என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா என்று அவனைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க தாதா மக்காவுக்குப் போய் வந்தவரும்மா," என்றான். தாத்தாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "அங்க இடது கைப் பக்கம் வச்சித்தான் சுத்துவாங்களாம். அதனால எனக்கு அது தப்பாத் தோணல."

அம்மா இதை யோசித்தாள்.

"எல்லாருமேவா?"

"எத்தினி ஆயிரம் பேர் வந்தாலும் அப்பிடித்தான்."

"எதிர்த்தாப்பல ஒருத்தரும் வர மாட்டாளா?"

"எப்பிடிம்மா வருவாங்க? மிதிபட்டுச் சாவறதுக்கா?"

"அப்போ அங்கே அப்படி, இங்கே இப்படி. ரெண்டும் சரிதான். ஒரே எடத்துல ரெண்டையும் வெச்சுண்டா ஆகாது."

சர்வதேச விமானச் சட்டம் இதே விஷயத்தை ஒன்றரைப் பக்கத்தில் சொல்கிறது. அம்மா இதைச் சொல்லிவிட்டுக் காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தது யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சட்டமும் அதைச் சொல்லாது.

நான் தயாரித்து வைத்திருந்த சொற்பொழிவு வீணானது. மிஞ்சியதைச் சொன்னேன். நாளைக் காலை இரண்டு பேரும் இன்ஸ்ட்ரக்டரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மதியம் நான் சொல்வேன். தம்பி வழக்கம்போல உள்ளே அம்மா இருக்கும் திசையைப் பார்த்தான். உள்ளேயிருந்து பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும்தான் வந்தது.

போய்ச் சொன்னார்கள். யுத்தத்தில் விமானம் ஓட்டிய அந்த மனிதர் முழுவதையும் கேட்டுவிட்டு, எதிரே கண்டதும் எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று மட்டும் இருவரையும் தனித்தனியாகக் கேட்டாராம். இரண்டு பேரும் வலது என்றார்கள். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவர்களைக் கிளப்பை விட்டு நீக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். சில வாரம் தரையிலேயே நிறுத்தி வைத்தார். மயிலாப்பூருக்கு மேலே எந்தப் பக்கமாகவும் எதையும் சுற்றக் கூடாது என்று கிளப் பலகையில் அறிவிப்பு வந்தது. தம்பியிடம் தனியாக, கோயிலைச் சுற்ற வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து சுற்று என்றாராம்.

அதை அவர் சொல்வதற்கு முன்பே அம்மா செய்ய வைத்துவிட்டாள். காபி குடித்த அன்று மாலையே, விளக்கேற்றியானதும் அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மூணாவது பாக்கி இருக்கு. கால்ல சுத்தினாலும் சுத்துதான்."

எல்லாரும் கிளம்பினோம். முன்னால் அம்மா, பின்னால் தம்பி, அவன் பின்னால் அவன் மனைவி, கடைசியில் நான். தன் வழி பிரிகிற முனை வரைக்கும் அந்தப் பையனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு வந்தான். அவனைத் திருப்பி அனுப்பும்போது அம்மா, பார்த்துப் போ என்று இரண்டு தடவை சொன்னாள். கோயில் வலது கைப் பக்கம் இருந்தது. பூக்கடைகளில் அரிக்கேன் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். நாதஸ்வரச் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. மதியத்திலிருந்து முதுகில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, நடக்க நடக்க எனக்குத் தளர்ந்துகொண்டே வந்தது. பசி தெரிந்தது. மதியச் சாப்பாடு சாப்பிடவேயில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தெற்கு மாட வீதி திருப்பத்தில் எதிரே ஒரு ஜட்கா நேராக எங்களைப் பார்த்து வந்தது. தம்பி, நன்றாகப் பயிற்சி பெற்றவன், சட்டென்று வலது பக்கம் ஒதுங்கினான். குதிரையும் அந்தப் பக்கம்தான் ஒதுங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவி எட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்து இடது பக்கம் இழுத்தாள்.

"இது ரோடு," என்றாள் மெதுவாக. "இங்கே இடது பக்கம்."

ஜட்காக்காரன் தம்பியின் பரம்பரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தம்பி சிரித்தான், அந்தப் பெண்ணும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்காமல், நிற்காமல், எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வீட்டு வாசல் வந்தது. அம்மா படியில் ஏறி நின்று, கூப்பிய கையை இறக்கினாள்.

"மூணு," என்றாள்.